ஐந்துக்கு மூன்றரை

போன மாதம் புதுவை வீட்டுத் திண்ணைகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்ட பழைய அலுவலக நண்பர், "திண்ணையைச் சொன்னீர், தாழ்வாரத்தைச் சொன்னீர், ஜன்னலை அப்படியே விட்டுவிட்டீரே" என்று குறைப்பட்டார். மறந்து விடவில்லை. ஜன்னலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 2010இல் ஒரு காண்ட்ராக்டரோடு நான் போட்ட சண்டையையும் எழுதியாக வேண்டும். அந்தச் சண்டையில் நான் முழு நியாயஸ்தன் அல்ல. அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். இனித் தள்ளுவதற்கு வயதும் இடம் கொடுக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஜன்னல் என்பது நம் சொல் அல்ல. போர்ச்சுகீசியர் விட்டுப்போனது, அவர்கள் மொழியில் ஜனேலா. அலமாரியும் சாவியும் அதே கப்பலில் வந்திறங்கியவைதான். அதற்காக அதுவரை தமிழன் இருட்டில் கிடந்தான் என்று எண்ணிவிடக் கூடாது. சாளரம் உண்டு, பலகணி உண்டு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் இருந்ததாக வருகிறது. பெயரைப் பாருங்கள். எட்டிப் பார்க்கிற இடம், வெளிச்சம் வருகிற இடம் என்றெல்லாம் வைக்காமல் காற்று வருகிற வழி என்று வைத்திருக்கிறார்கள். இந்த வெயிலில் வாழ்கிறவன் வைத்த பெயர்.

எங்கள் தமிழர் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருப் பக்கம் தாழ்வாரமும் திண்ணையும் தாராளமாக இருக்கும், ஜன்னல் மட்டும் கஞ்சத்தனமாக இருக்கும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நடுவில் முற்றம் இருந்தது. தெருவோடு பேச வேண்டுமானால் திண்ணைக்கு வந்து பேசு, உள்ளே எட்டிப் பார்க்காதே என்பது ஏற்பாடு. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியில் இதற்கு நேர் எதிர். அங்கே திண்ணை கிடையாது. தெருவோரம் உயர்ந்த மதில், மதிலுக்குள் தோட்டம், பிறகு வீடு. அந்த வீட்டின் ஜன்னலோ ஆள் உயரத்துக்கு மேலே போகும்.

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் அவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1765இல் லா துரை கவர்னராக வந்த பிறகு மறுபடி கட்டினார்கள். (நான் இப்போது குடியிருக்கும் லாஸ்பேட்டைக்குப் பெயர் அவரால் வந்தது என்று சொல்வார்கள்.) இன்று சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பின்னால் எழுந்தவை. காலப்போக்கில் இரண்டு பாணியும் கலந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழே மரத்தூண்களும் முற்றமும் நம் முறையில் இருக்கும். மேலே போனால் சுண்ணாம்புச் சாந்து பூசிய ஐரோப்பியத் தூண்கள். வசதி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் கட்டின. கீழே மாமனார், மேலே மொசியே.

எங்கள் பூர்வீக வீடும் அந்த ரகம். கீழே திண்ணை, முற்றம். மாடியில் தெருவைப் பார்த்த அறையில் மூன்று உயரமான ஜன்னல்கள். முழங்காலுக்குச் சற்று மேலே தொடங்கி, என் அப்பா கை தூக்கினாலும் எட்டாத உயரம் வரை போகும். வெளிக் கதவுகளில் கண்ணாடி இல்லை. வரிசையாகச் சாய்த்துப் பதித்த மரப் பலகைகள். அப்பா அதைப் பெர்சியேன் என்பார், அம்மா சாய்பலகைக் கதவு என்பாள். இந்தச் சாய்பலகையைக் கண்டுபிடித்தவன் புத்திசாலி. பலகை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உச்சி வெயில் உள்ளே வராது, காற்று வரும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருட்டு. அம்மா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஜன்னல் ஓரம் கட்டிலில் படுத்தபடியே தெருவில் யார் போகிறார், யார் வருகிறார் என்று ஒரு வரி விடாமல் சொல்லுவாள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எந்தச் சந்தில் திரும்பினேன் என்பது எப்படி இவளுக்குத் தெரிகிறது என்று சிறு வயதில் நான் தவித்ததுண்டு.

மட்டம் போடாத நாட்களில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் மூதாதையர் கோல் நாட்டவர் என்று கோவணம் கட்டிய தாத்தாவின் பேரன் ஒப்பித்த காலம் அது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியைப் பற்றிப் படித்தோம். பிரான்சில் 1798இல் கொண்டுவந்த கதவு ஜன்னல் வரி. வீட்டில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று வெளியிலிருந்தே எண்ணி வரி போட்டுவிடுவார்கள். அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை, வருமானம் என்னவென்று கேட்க வேண்டியதில்லை. ஏழை என்ன செய்வான்? ஜன்னலை அடைத்தான், புது வீட்டில் ஜன்னலே வைக்காமல் விட்டான். விக்தோர் உய்கோவின் 'லே மிசராப்ல்' நாவலில் அந்த நல்ல பிஷப் இந்த வரியைப் பற்றி மனம் நொந்து பிரசங்கம் செய்வார். இங்கிலாந்திலும் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்திருக்கிறது. பிரான்சில் 1926இல்தான் எடுத்தார்கள். காற்றுக்கு வரி போடுவார்களா என்று வகுப்பில் சிரித்தோம். வாத்தியார் சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்து 1970இல் அரசு எழுத்தராகச் சேர்ந்தேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறி, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் இணைந்த பிறகும், ஊரில் பத்திரங்கள் பிரெஞ்சில்தான் கிடந்தன. நொத்தேர் எழுதிய கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், கட்டட ஒப்பந்தம். அப்படி ஏதாவது வந்தால், "அந்த பிரெஞ்சுக்காரர் மேசைக்கு அனுப்பு" என்பார் சூப்பிரண்டு. அந்த பிரெஞ்சுக்காரன் நான்தான். முப்பத்தெட்டு வருஷம் பிறர் வீட்டுச் சுவரையும் வாசலையும் படித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் இந்தக் கதைக்கு வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரங்களில் ஜன்னல் ஒரு பெரிய தகராறு. 1804இல் நெப்போலியன் கொடுத்த சிவில் சட்டம் 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையின் மூலம் புதுவைக்கும் வந்தது. அதில் 675 முதல் 680 வரை உள்ள பிரிவுகள் அடுத்த வீட்டைப் பார்க்கும் ஜன்னலைப் பற்றியவை. இருவருக்கும் பொதுவான சுவரில் மற்றவர் சம்மதம் இல்லாமல் எந்தத் திறப்பும் வைக்கக் கூடாது. சுவர் உம்முடையதே ஆனாலும் அடுத்தவர் மனையை ஒட்டி நின்றால், வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் திறக்க முடியாத கண்ணாடி, கூடவே இரும்பு வலை. வலையின் கண் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரைத்தளத்து அறையானால் தரையிலிருந்து 26 டெசிமீட்டருக்கு மேலே, மாடியானால் 19 டெசிமீட்டருக்கு மேலே. நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கும் அடுத்த மனைக்கும் நடுவில் 19 டெசிமீட்டர் இடம் விட வேண்டும். பக்கவாட்டில் பார்ப்பதானால் 6 டெசிமீட்டர் போதும்.

ஒரு வேடிக்கை. சட்டம் எழுதினவர்களே ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அடிக்கணக்கையும் போட்டிருக்கிறார்கள். 26 டெசிமீட்டர் எட்டு அடி, 19 டெசிமீட்டர் ஆறு அடி. அப்போது மீட்டர் புதுசு, ஜனங்களுக்குப் பழகவில்லை. ஆனால் அது பிரெஞ்சு ராஜாவின் அடி, சுமார் 32½ சென்டிமீட்டர். நம் கொத்தனார் கையில் இருக்கும் இங்கிலீஷ் அடி 30½ சென்டிமீட்டர். ஆறு அடிக்குள்ளேயே பன்னிரண்டு சென்டிமீட்டர் காணாமல் போகும். அளவு எழுதும்போது யாருடைய அளவு என்றும் எழுத வேண்டும் என்று நான் இளைய எழுத்தர்களுக்குச் சொல்வதுண்டு. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. 2008இல் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் பூர்வீக வீடு பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் விற்பனைக்குப் போனது. வாங்கினவர் இடித்தார். சாய்பலகைக் கதவுகளைப் பழைய மரச்சாமான் வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். என்ன விலை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் பங்குப் பணமும் பணிக்கொடையும் சேர்த்து லாஸ்பேட்டையில் ஒரு மனை. முத்தியால்பேட்டையில் மாதம் 4,500 ரூபாய் வாடகையில் நான், என் மனைவி, எண்பத்தாறு வயதான அம்மா. கட்டினால் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், அம்மா பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காண்ட்ராக்டர் நாற்பது வயதுக்காரர், தெரிந்தவர் மூலமாக வந்தவர். 960 சதுர அடி, ஒட்டுமொத்தமாகப் பதினொரு லட்சம் என்று பேசி முடித்தோம். அவர் வழக்கமாகப் போடும் அக்ரிமென்ட் ஒன்றரைப் பக்கம்தான். "வேண்டாம் தம்பி, நானே எழுதறேன், எனக்கு அதுதானே தொழில்" என்று இருபது ரூபாய் பத்திரத்தோடு நான்கு தாள் சேர்த்து நானே எழுதினேன். அவர் படித்துவிட்டு, "சார் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏழாவது ஷரத்து இது: "ஜன்னல்கள் ஆறு. அளவு 5 × 3½ அடி. தேக்கு. சாய்பலகைக் கதவு." அவ்வளவுதான். அழகாகவும் சுருக்கமாகவும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சுவர் எழும்பும் நேரத்தில் பெண்ணின் பிரசவத்துக்குத் திருச்சி போக வேண்டியிருந்தது. மூன்று வாரம். திரும்பி வந்த அன்று மாலையே மனைக்குப் போனேன். லிண்டல் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். முன் அறையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நின்றுகொண்டிருக்க வேண்டிய ஜன்னல் படுத்துக் கிடந்தது. ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரம். ஆறும் அப்படியே.

"தம்பி, என்ன இது? ஜன்னல் இப்படிப் படுத்திருக்கு?"

"அக்ரிமென்ட்படிதான் சார். அஞ்சுக்கு மூணரை."

"அஞ்சு உயரம்ப்பா."

"அகலம் முதல்ல, உயரம் அடுத்தது சார். எந்த எஞ்சினியரை வேணாலும் கேளுங்க."

பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைக் கேட்டேன். சிரித்தார். நம் நாட்டு வரைபடங்களில் ஜன்னலுக்கு அகலத்தை முதலில் எழுதி உயரத்தைப் பின்னால் எழுதுவதுதான் பழக்கம் என்றார். என் தலைக்குள் இருந்ததோ பிரெஞ்சுப் பழக்கம். அங்கே கதவு, ஜன்னல் என்றால் உயரம் முன்னால், அகலம் பின்னால். நான் வாழ்நாளெல்லாம் படித்த பத்திரங்களில் அப்படித்தான். "உ" என்றும் "அ" என்றும் இரண்டே எழுத்துச் சேர்த்திருந்தால் போதும். யாருடைய அளவு என்று எழுத வேண்டும் எனப் பிறருக்குப் பாடம் நடத்தியவன் நான்.

ஒன்றரை அடிதானே என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள். லிண்டல் தரையிலிருந்து ஏழடி. ஐந்தடி உயர ஜன்னலானால் அடிக்கட்டை இரண்டடியில் நிற்கும். மூன்றரை அடி ஜன்னலானால் மூன்றரையில் நிற்கும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு முதலாவதில் தெரு தெரியும். இரண்டாவதில் ஆகாயம் மட்டும்.

அன்றைக்கே வேறு இரண்டும் கண்ணில் பட்டன. மூலையில் அடுக்கியிருந்த ஜன்னல் சட்டங்களை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தேன். தேக்கின் எண்ணெய் வாசனை இல்லை. கோங்கு. கேட்டால், "கதவுதான் சார் தேக்கு. சட்டத்தை இப்போ யாரும் தேக்குல போடறதில்ல" என்றார். ஜன்னல் என்று எழுதினால் சட்டமும் அதில் சேர்த்திதானே என்றேன். "அப்போ சட்டமும் தேக்குன்னு எழுதியிருக்கணும் சார்." மூன்றாவது, சாய்பலகைக் கதவுக்குக் கூடுதலாக 38,000 ரூபாய் கேட்டார். அவர் கண்ணாடிக் கதவு என்று நினைத்து விலை போட்டாராம். ஒரு கதவுக்கு இருபதுக்கு மேல் பலகை, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் சாய்வாகக் காடி எடுக்க வேண்டும், ஆசாரிக்கு ஒரு கதவே நாலு நாள் வேலை என்றார். ஆசாரி சொன்னதும் அதுவே. வேலை அதிகம்தான். ஆனால் அது ஷரத்தில் தெளிவாகவே இருக்கிறதே!

வேலை நின்றது. நான் லிண்டல் தவணையைக் கொடுக்கவில்லை, அவர் ஆட்களை வேறு மனைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம். வாடகை ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, மழைக்காலம் ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவின் சிவில் சட்டப் புத்தகம் என்னிடம் இருந்தது. அட்டை போய், முதல் பத்துப் பக்கம் செல்லரித்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1793ஆம் பிரிவு கிடைத்தது. மனையின் சொந்தக்காரரோடு பேசி முடித்த திட்டப்படி ஒட்டுமொத்த விலைக்குக் கட்டித்தர ஒப்புக்கொண்டவர், கூலி ஏறிவிட்டது, சாமான் விலை ஏறிவிட்டது, திட்டத்தில் மாற்றம் வந்தது என்று சொல்லிக் கூடுதல் கேட்க முடியாது. மாற்றத்துக்குச் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்து விலையும் பேசியிருந்தால்தான் கேட்கலாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரிசில் உட்கார்ந்து எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. கட்டடம் விழுந்தால் கட்டினவர் பத்து வருஷம் பொறுப்பு என்று அதற்கு முந்தைய பிரிவு. உற்சாகத்தில் இரண்டு பிரிவையும் தமிழில் எழுதி அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அவர் போனில் கூப்பிட்டார். "சார், பிரெஞ்சுக்காரன் போய் அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இது எந்த ஊரு சட்டம்?"

வக்கீல் நண்பரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். இணைப்புக்குப் பிறகு ஒப்பந்த விவகாரத்துக்கு இங்கே இந்திய ஒப்பந்தச் சட்டம்தான், உம்முடைய நெப்போலியன் இங்கே செல்ல மாட்டார் என்றார். வேண்டுமானால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். 1986ஆம் வருஷத்துச் சட்டத்தில் வீடு கட்டித்தரும் சேவையையும் 1993இல் சேர்த்திருக்கிறார்கள் என்றார். பிறகு என் நான்கு தாளையும் ஒரு முறை படித்துவிட்டு, "இதை யார் எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். "அதுதான் சிக்கல்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு விடை அன்றிரவு அப்பாவின் புத்தகத்திலேயே கிடைத்தது. 1162ஆம் பிரிவு. சந்தேகம் வந்தால் ஒப்பந்தத்தை, ஷரத்தைப் போட்டுக்கொண்டவருக்கு எதிராகவும் கடமையை ஏற்றுக்கொண்டவருக்குச் சாதகமாகவும் பொருள் கொள்ள வேண்டும். அதாவது ஐந்துக்கு மூன்றரை என்று அழகான கையெழுத்தில் எழுதியவனுக்கு எதிராக, கட்டித்தர ஒப்புக்கொண்டவருக்குச் சாதகமாக. நான் துணைக்குக் கூப்பிட்ட சட்டமே அவர் பக்கம் போய் நின்றுகொண்டது. புத்தகத்தை மூடிவைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, படிக்கப் போவதுமில்லை என்று ஒரு அற்பமான நிம்மதியும் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அந்த வாரம் அம்மா மனையைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோவில் கூட்டிப் போனோம். கூரை இன்னும் போடாத அறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். இதுதான் உன் அறை, கட்டில் இங்கே வரும் என்று காட்டினேன். அவள் ஜன்னல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உட்கார்ந்த நிலையிலேயே சுவரின் விளிம்பு அவள் கண் மட்டத்துக்கு வந்தது.

"மழை வருமான்னு மேகத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்க நான் என்ன வயக்காடாடா?" என்றாள்.

மறுநாள் நானே காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். மடுகரை ரோட்டுப் பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. ஊருக்கெல்லாம் கான்கிரீட் போடுகிறவர். அவருடைய மனைவி காபி கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு சொன்னேன்: "தம்பி, அளவு விஷயத்துல தப்பு என்னுது. நான் தெளிவா எழுதல. நான் அனுப்பின அந்தப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு." 1162ஐயும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சட்டம் கோங்குல போட்டது நான் கொஞ்சம் பாத்துக்கிட்டதுதான் சார். தேக்கு விலை அப்படி" என்றார்.

அதற்காக உடனே கட்டித் தழுவிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். அதன் பிறகும் ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. முடிவு இது. அம்மாவின் அறையிலும் முன் அறையிலும் உள்ள ஜன்னல்களைத் திருத்துவது. அடிச் சுவரை ஒன்றரை அடி வெட்டி இறக்கி, அகலத்தில் ஒன்றரை அடியைச் செங்கல் வைத்து அடைப்பது. செலவு ஆளுக்குப் பாதி. அந்த இரண்டுக்கு மட்டும் சாய்பலகைக் கதவு, கூடுதல் பணம் கிடையாது. மற்ற நான்கும் படுத்தபடியே இருக்கட்டும், கண்ணாடிக் கதவு போதும். சட்டம் கோங்காகவே இருக்கும், அதற்காக விலையில் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் ஒத்துவரவில்லை. அவர் ஐயாயிரம் என்றார், நான் இருபதாயிரம் என்றேன். கடைசித் தவணையில் 15,000 ரூபாயை நான் நிறுத்தி வைத்துவிட்டேன். 2011 தை மாதம் கிரகப்பிரவேசம். பத்திரிகை வைத்தேன். வந்தார், மொய் எழுதினார், சாப்பிடவில்லை.

அம்மா அந்த ஜன்னலோரம் மூன்றரை வருஷம் படுத்திருந்தாள். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் கேஸ் சிலிண்டர் எப்போது வந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாய்பலகையின் இடுக்கில் தூசி சேர்வதும் அதைத் துடைத்துத் துடைத்து என் மனைவிக்கு விரல் வலி வந்ததும் வேறு கதை. (பூர்வீக வீட்டில் இதை யார் துடைத்தார்கள் என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாதான் துடைத்திருக்க வேண்டும்.)

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விடியற்காலையில் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் நான் சண்டை போட்டு வாங்கிய இரண்டு சாய்பலகை ஜன்னல்களும் அசையவில்லை, ஆனால் மழை நேராக வராமல் படுக்கையாக அடித்ததில் பலகை இடுக்குகள் வழியே தண்ணீர் பீச்சியடித்தது. அம்மாவைக் கட்டிலோடு கூடத்துக்கு நகர்த்தினோம். அகல ஜன்னல்களில் ஒன்றுக்குத் தென்னை மட்டை விழுந்து கண்ணாடி போனது. மற்ற மூன்றும் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. கோங்குச் சட்டம் ஒரு நூல்கூட விலகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஒன்றில், மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வாசலில் மொபெட் சத்தம். அவர்தான். தான் கட்டிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். மாடியில் ஏறிப் பார்த்தார், லிண்டலைத் தட்டிப் பார்த்தார், அம்மா அறையின் சுவரில் ஊறிய ஈரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "பெரியம்மா நனைஞ்சுட்டாங்களா?" என்று கேட்டார். உடைந்த கண்ணாடிக்கு அளவு எடுத்துக்கொண்டார். உங்கள் வீடு எப்படி என்று நான் கேட்டேன். ஷீட் முழுவதும் போய்விட்டது சார், பிள்ளைகளை மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார்.

ஓய்வூதியத்தில் எடுத்து வைத்திருந்த பணம் பீரோவில் இருந்தது. பன்னிரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன், மீதி மூவாயிரம் ஏ.டி.எம். வேலை செய்ததும் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. ரசீது எழுத ஒரு தாள் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "ஜன்னல் பாக்கியில் ரூ. 12,000 பெற்றுக்கொண்டேன்."

பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. 240 ரூபாய் பில் கொடுத்தார். பில்லில் கண்ணாடியின் அளவுக்குப் பக்கத்தில் "அ" என்றும் "உ" என்றும் குறித்திருந்தது. மீதி மூவாயிரத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.